கடைசிக் குடம்

அந்த அக்கா ஒரு நாளும் முந்திக்கொண்டு தண்ணீர் பிடித்து நான் பார்த்ததில்லை. வரிசையில் அவள் குடம் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ இருக்கும். முறை வந்ததும் குடத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பின்னால் நிற்பவளிடம், "எனக்கெந்தா திரக்கு? நீ பிடிச்சோ" என்பாள். அவளுக்கென்ன அவசரமாம். அடுத்தவளிடமும் அதே பேச்சு, அதற்கடுத்தவளிடமும் அதே பேச்சு. எல்லாரும் பிடித்துப் போன பிறகு, குழாய் இருமத் தொடங்குகிற நேரத்தில், தன்னுடைய ஒரே ஒரு அலுமினியக் குடத்தை வைப்பாள். சில நாள் பாதிக் குடம்தான் கிடைக்கும். அதற்கும் முகம் சுளிக்க மாட்டாள்.

மட்டாஞ்சேரிக் குழாயடியில் அவசரமில்லாத ஒரு பெண் இருந்தாள் என்று சொன்னால் அந்தக் காலத்துப் பெண்கள் யாரும் நம்பமாட்டார்கள். சுற்றிலும் தண்ணீர் உள்ள ஊர்தான். கிணற்றை எட்டிப் பார்த்தால் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கும். வாயில் வைத்தால் உப்பு. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்க, பொங்க, குழந்தையைக் குளிப்பாட்ட என்று எல்லாவற்றுக்கும் எங்கள் சந்துக்கு ஒரே ஒரு தெருக்குழாய். மத்தியானம் இரண்டு மணி சுமாருக்கு வரும், நாலு மணிக்குள் நின்றுவிடும். பன்னிரண்டு மணியிலிருந்தே குடங்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும். முறைக்கு வீட்டுக்கு இரண்டு குடம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஆனால் முறை வரும்போது ஆள் இல்லையென்றால் குடத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு அடுத்தவள் பிடித்துக்கொள்வாள். அதற்காக நடந்த சண்டைகளில் எத்தனையோ குடங்கள் நெளிந்திருக்கின்றன.

நான் அந்தச் சந்துக்கு மருமகளாக வந்தது எழுபதுகளின் நடுவில். பிறந்தது கோவில்பட்டிப் பக்கம். என் வீட்டுக்காரர் படகுத்துறைக்குப் போகிற வழியில் ஒரு சுக்குக் கிட்டங்கியில் எடை போடுகிற வேலையில் இருந்தார். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ்தான் பேசினார்கள், ஆனால் என் காதுக்கு அது பாதிதான் தமிழ். தண்ணீரை வெள்ளம் என்றார்கள். முதல் ஒரு மாதம் தலையை ஆட்டியே காலம் தள்ளினேன்.

என் மாமியாரைக் கெட்டவள் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் மருமகள் வாசல்படி தாண்டுவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று நினைக்கிறவள். கோவிலுக்கு அவளோடு போகலாம். கடைக்கு வீட்டுக்காரரோடு போகலாம். தனியாகப் போவதற்கு இருந்த ஒரே காரணம் தண்ணீர். மற்ற பெண்களெல்லாம் குடத்தை எடுக்கும்போது சலித்துக்கொள்வார்கள். எனக்கு இடுப்பில் குடம் ஏறியதும் உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வந்துவிடும்.

குழாயடிக்கு ராணி ஆமினா இத்தா. புருஷன் மீன்பிடி போட்டில் வேலை. வாய் மூடாது. என்னைப் பார்த்ததும், "எந்தா மோளே, அம்மாயியம்ம இன்னிக்குக் கயிறு அவிழ்த்து விட்டோ?" என்று என் மாமியாரை வைத்துக் கேட்டுச் சிரிப்பாள். பக்கத்து வீட்டு சரோஜா எங்கள் ஆள், தமிழ்தான். எந்தக் காரியத்துக்கும் முன்னால் நிற்பவள். இவர்கள் இரண்டு பேரும் பேச, மற்றவர்கள் இடையில் புகுந்து புகுந்து பேச, அக்கா மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள். கோடி வீட்டுக்காரி. எனக்கு ஒரு பன்னிரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். பேச்சு நின்றால் அவள் வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வரும். "அப்புறம்?"

சும்மா ஒப்புக்குக் கேட்கிற "அப்புறம்" இல்லை அது. நேற்று நீங்கள் விட்ட இடம் அவளுக்கு ஞாபகமிருக்கும். "உங்க தம்பிக்குக் கோயம்புத்தூர்லேர்ந்து பெண் வீட்டுக்காரங்க வந்தாங்களே, அப்புறம்?" என்று பத்து நாள் கழித்துக் கேட்பாள். எனக்கு நாள் தள்ளிப்போனதை என் வீட்டுக்காரருக்கு முன்னால் அவளிடம்தான் சொன்னேன். அன்றைக்கு மட்டும் அவள் "அப்புறம்" என்று கேட்கவில்லை. என் முந்தானையை இழுத்து என் வயிற்றை மூடிவிட்டாள்.

தன்னைப் பற்றி அவள் எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளைகள் இல்லை என்று தெரியும். புருஷன் எர்ணாகுளத்துக்குப் போகிற படகில் ஏறாமல் இக்கரையிலேயே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவர், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து போவார் என்று தெரியும். அவ்வளவுதான்.

ஒரு தடவை அவளிடம், எங்கள் சந்து முனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற படகுத்துறையை நான் கல்யாணமாகி வந்த நாளில் பார்த்ததோடு சரி என்று சொன்னேன். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில் சொன்னேன். என் முன்னால் ஏழெட்டுக் குடம் இருந்தது. அக்கா வரிசையை ஒரு பார்வை பார்த்தாள்.

"போய்ப் பாத்துட்டு வா. உன் குடத்தை நான் முன்னால நீக்கி நீக்கி வைக்கறேன்."

"அத்தை கேட்டா?"

"குழாயில வரிசை நீளம்னு பறயலாம். நாங்க எல்லாரும் சாட்சி."

ஓடினேன். செருப்புகூடக் காலில் இல்லை. துறையில் நின்று எர்ணாகுளத்துக்குப் போகிற படகு கிளம்புவதைப் பார்த்தேன். வேலைக்குப் போகிற பெண்கள் இரண்டு பேர் கையில் குடையும் பையுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். படகு நடுவாந்திரம் போகிற வரைக்கும் நின்றுவிட்டுத் திரும்ப ஓடி வந்தேன். மொத்தம் பத்து நிமிஷம் இருக்கும். அன்றைக்கு ராத்திரி சோறு குழைந்துபோய் மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கூட எனக்கு உறைக்கவில்லை. அதற்கப்புறம் வாரத்துக்கு ஒரு நாளாவது போவேன். விடுதலை என்று பெரிய பெரிய வார்த்தையெல்லாம் சொல்கிறார்களே, எனக்கு அது இன்னொருத்தி என் குடத்தைப் பார்த்துக்கொண்ட பத்து நிமிஷம்தான்.

குழாயடியில் ஒரு நாள் சந்தோஷம் என்றால் என்ன என்று பேச்சு வந்தது. எப்படி வந்தது என்று ஞாபகமில்லை. ஆமினா இத்தா விரலை மடக்கினாள். "புருஷன் கடல்ல, வெள்ளம் குடத்துல, சோறு வயித்துல. இது மூணும் ஒரே நாள்ல கிட்டினா அதுதான் சந்தோஷம்." எல்லாரும் சிரித்தோம். சரோஜா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"சண்டை சச்சரவு இல்லாத வீடு வேணும் இத்தா. நம்ம கோடி வீட்டைப் பாரு. எட்டு வருஷமா இந்தச் சந்துல இருக்கேன், அங்கேயிருந்து ஒரு நாள் ஒரு சத்தம் வந்திருக்கா? புருஷன் பெண்டாட்டின்னா அப்படி இருக்கணும். கொடுத்து வச்சவ."

எல்லாரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். அக்கா சிரித்தாள். சிரித்துவிட்டு இத்தாவிடம், "போட்டு என்னிக்குத் திரும்பி வரும்? அப்புறம்?" என்று கேட்டாள்.

என் மகள் பிறந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தபோது ஒரு கோடையில் தண்ணீர் ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வந்தது. குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கு மாமியார் சொம்பால் அளந்து தருவாள். அந்தச் சமயத்தில் ஒரு நாள் பண்டிகைப் பலகாரம் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். கதவு திறந்திருந்தது. உரிமையோடு நேராகப் பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

அக்கா சாக்கடையோரம் நின்று ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கீழே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அடுப்படியில் எட்டிப் பார்த்தேன். அண்டா, தவலை, குத்துப்போணி என்று இருக்கிற பாத்திரம் எல்லாம் விளிம்பு வரைக்கும் தண்ணீர். இரண்டு பேருக்கு ஒரு வாரத்துக்குக் காணும். குழாயடிக்குக் கொண்டு வருவதற்குக் காலிக் குடம் வேண்டும், அதற்காக இருக்கிற குடத்தைக் கொட்டுகிறாள்.

"அக்கா, என்ன பண்றீங்க? எம் பிள்ளை சொம்புத் தண்ணியில குளிக்குது!"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். திருடி அகப்பட்ட மாதிரி முகம். "பழைய வெள்ளம் மோளே..." என்று ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் முன்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. புருஷன் சாப்பிட வந்துவிட்டார்.

நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். என்னைப் பார்த்ததும், "வாம்மா, குஞ்ஞுக்குச் சுகம்தானே? வீட்டுக்காரன் எப்படி இருக்கான்?" என்று விசாரித்தார். பதில் சொன்னேன். கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். அக்கா தட்டு வைத்தாள், சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். போதும் என்றால் இடது கையைத் தட்டுக்கு மேலே நீட்டுவார். அவ்வளவுதான். தட்டுக்குப் பக்கத்தில் அக்கா ஒரு தபாலை வைத்திருந்தாள். அதை எடுத்துப் படித்துவிட்டு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்தார், கை கழுவினார், என்னிடம், "வரட்டுமாம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அந்தக் கால் மணி நேரத்தில் அவர் கண் ஒரு தடவைகூட அக்கா பக்கம் திரும்பவில்லை.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"பதினோரு வருஷம் ஆச்சு."

"ஏன்க்கா? என்ன சண்டை?"

"சண்டை இருந்தா தீத்துக்கலாம். ஒரு நாள் பேசலை. பிறகு ரெண்டாம் நாள் பேசலை. நான் ஒரு வருஷம் பேசிப் பேசிப் பாத்தேன். தனியாப் பேசறேன்னு எனக்கே பயமாயிடுச்சு, நிறுத்திட்டேன். அடிச்சதில்லை, குடிச்சதில்லை, சம்பளம் முழுசா அந்த மாடத்துல வச்சிடுவார். யார்கிட்ட போய் என்னன்னு சொல்லட்டும்?"

கொட்டின குடத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"குழாய்க்கு வந்தாத்தான் மோளே, ஒருத்தராவது எங்கிட்ட ஒண்ணு கேக்கறாங்க. 'அக்கா, எத்தனை குடம்?', 'அக்கா, இது யார் குடம்?' அது மதி, அது போதும் எனக்கு."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டு விஷயம். வெளியில பறயண்டா" என்றாள். என் பிள்ளை மேல் சத்தியம் செய்தேன்.

அந்தச் சத்தியத்தை நான் காப்பாற்றினேன். இதை எழுதும்போது அதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

இரண்டு மூன்று வருஷம் கழித்துச் சரோஜா ஓடியாடி ஒரு காரியம் பண்ணினாள். சந்தில் உள்ள ஆறு வீடுகளுக்கும் வீட்டுக் குழாய் வரப்போகிறது என்று சொன்னாள். பெரிய ரோட்டிலிருந்து பைப் இழுக்க வேண்டும். ரோட்டை ஒட்டி இருப்பது கோடி வீடு. அந்த வீட்டுப் பக்கவாட்டு நடை வழியாகத்தான் பைப் வர முடியும். முதலில் அவர்களுக்கு, அங்கிருந்து மற்ற ஐந்து வீட்டுக்கும். வீட்டுக்காரர் சம்மதம் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அந்தக் காகிதத்தைச் சரோஜா அக்காவிடம் கொடுத்தாள்.

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. தினமும் குழாயடியில், "கையெழுத்து ஆச்சா?" என்று கேட்பார்கள். "சொல்லிப் பாக்கறேன்" என்பாள் அக்கா. ஒரு மாதம் ஆகிவிட்டது. சரோஜாவின் குரல் ஏறத் தொடங்கியது. என் வீட்டிலும் பேச்சு. "நீதான் அவகிட்ட ஒட்டிக்கிட்டு நிப்பியே, கேக்கக் கூடாதா?" என்று மாமியார் இடித்தாள். எனக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். இரண்டு குடத்தோடு சந்தில் நடக்கும்போது இடுப்பு விட்டுப்போகும். வீட்டுக்குள் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பதை நினைத்தாலே எனக்கு அழுகை வரும்.

அன்றைக்குக் குழாயடியில் சரோஜா, "ஒரு கையெழுத்துக்கு ஒரு மாசமா? உங்க மனசுல என்னதான் இருக்கு?" என்று நேராகவே கேட்டுவிட்டாள். அக்கா குடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எப்போதும் போல எனக்கு முறையை விட்டுக்கொடுத்து, "நீ பிடிச்சோ மோளே, வயித்துப் பிள்ளைக்காரி" என்றாள்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை.

"உங்களுக்கென்னக்கா, உங்களுக்குக் கையெழுத்தும் வேண்டாம், குழாயும் வேண்டாம். வீட்டுல இருக்கிற தண்ணியைச் சாக்கடையில கொட்டிட்டுத்தானே இங்க வந்து நிக்கறீங்க!"

ஆமினா இத்தா நெஞ்சில் கை வைத்தாள். "கொட்டறதோ? படைச்சோனே! நல்ல வெள்ளமோ?" சரோஜா கத்தத் தொடங்கினாள். போன கோடையில் மாமனாருக்குக் காய்ச்சலில் கஞ்சி வைக்கத் தண்ணீரில்லாமல் அலைந்தாளாம், அவள் வாயில் என்னென்னவோ வந்தது. எத்தனை வருஷம் எத்தனை குடம் என்று ஒருத்தி கேட்டாள். புண்ணியவதி என்று நினைத்தோமே என்று இன்னொருத்தி சொன்னாள்.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள் என்று பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. பாதியைச் சொல்லிவிட்டேனே, மீதியையும் சொல்லியிருந்தால் அந்தப் பெண்கள் ஒருத்தி விடாமல் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள். எனக்குத் தெரியும். அவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான். நான் சத்தியத்தை நினைத்துக்கொண்டு என் குடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் காலையில் காகிதம் வந்தது. அக்காவே எங்கள் வாசலில் நின்று நீட்டினாள். கையெழுத்து அழகாக இருந்தது.

"எப்படிக்கா கேட்டீங்க?"

"தட்டுக்குப் பக்கத்துல வச்சேன். போட்டுட்டார்."

பத்துப் பதினைந்து நாளில் பள்ளம் தோண்டிப் பைப் போட்டார்கள். எங்கள் வீட்டுக் குழாய்க்கு மாமியார் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தாள். தண்ணீர் வந்ததும் நான் குழந்தை மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு அக்காவின் நினைப்பே எனக்கு வரவில்லை.

வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகு வெளியே போக எனக்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டது. ஒரு மாதம் கழித்துத்தான் அது எனக்கு உறைத்தது. இரண்டு மணிக்குக் குழாயைத் திறப்பேன், மூடுவேன், வேலை முடிந்தது. மாமியார் தூங்குவாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சந்தில் ஈ காக்காய் இருக்காது. தெருக்குழாயின் தலையைக் கழற்றிவிட்டு அடைத்துவிட்டார்கள். ஆமினா இத்தாவின் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசிப்பேன். மூன்று வீடு தள்ளித்தான் இருந்தாள். சரோஜாவுக்கும் எனக்கும் ஒரே சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குழாய் ஓடுகிற சத்தம் கேட்கும், இந்தப் பக்கம் என் குழாய். எல்லாரும் கேட்டது கிடைத்துவிட்டது. யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் அக்கா. இடுப்பில் காலிக் குடம். அந்தச் சண்டைக்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறி அவள் வந்தது காகிதம் கொடுக்க வந்த அந்த ஒரு நாள்தான். மெலிந்திருந்தாள். தலை வாரிப் பின்னி, துவைத்த சேலை கட்டி, ஊருக்குக் கிளம்புகிறவள் மாதிரி வந்திருந்தாள்.

"எங்க வீட்டுக் குழாயில வெள்ளம் வரலை மோளே. ஒரு குடம் தருமோ?"

அவள் வீட்டு நடையில் வருகிற பைப்தான் எங்கள் வீட்டுக்கு வருகிறது. அங்கே வரவில்லையென்றால் இங்கே ஒரு சொட்டு வராது. அது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். என் பின்னால் எங்கள் வீட்டுக் குழாய் திறந்தது திறந்தபடி சடசடவென்று ஓடிக்கொண்டிருக்கிற சத்தம் இரண்டு பேர் காதிலும் விழுந்தது.

உள்ளேயிருந்து மாமியார், "யாரு?" என்று கேட்டாள். எனக்குப் பதறிவிட்டது. பைப்பைப் பற்றி மாமியார் ஏதாவது கேட்டுவிட்டால் அக்காவுக்கு அவமானமாகிவிடும் என்று நினைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. குடத்தை வெடுக்கென்று வாங்கி, குழாயை முழுசாகத் திருகி, கீழே வைத்தேன். ஒரு நிமிஷம் ஆகவில்லை, நிரம்பி வழிந்தது. தூக்கி அவள் இடுப்பில் வைத்தேன்.

அக்கா குடத்தைப் பார்த்தாள்.

"இத்ர சீக்கிரம் நிறைஞ்சுதோ?" என்றாள்.

"ஆமாக்கா, இப்ப நல்ல வேகமா வருது" என்றேன் நான், பெருமையாக.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினாள். அதற்கப்புறம் அவள் தண்ணீர் கேட்டு வரவில்லை. நாங்கள் வீடு மாறித் திருப்பூணித்துறைக்குப் போகிற வரைக்கும், யார் வீட்டுக்கும் வரவில்லை.